அண்டாவா, அஞ்சறைப் பெட்டியா?

கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் இந்த வழக்கு அடிக்கடி பஞ்சாயத்துக்கு வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் போட்டால் நம் கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது. "ரெண்டுக்கும் ஊற்றுக்கண் ஒண்ணு" என்பார்கள் பெரியவர்கள். வேறோர் இடத்தில் இருபது முப்பது அடி தள்ளி இருக்கும் இரண்டு கிணறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஒன்று வற்றிக் கிடக்கும்போது மற்றதில் தண்ணீர் தளும்பும். மோட்டார் ஓடாத நாளில் எட்டிப் பார்த்தால் இதில் எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம். நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கலாம். தொடர்பு உண்டா இல்லையா என்பதை இறைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெய் தேடுகிறவர்களின் தலைவலியும் இதுதான். ஆனால் இறைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. நடுக்கடலில் உற்பத்தி மேடை கட்டுவதா, அதில் எத்தனை கிணறுகளுக்கு இடம் விடுவது, எவ்வளவு பெரிய குழாய் பதிப்பது என்பதெல்லாம் முதல் பீப்பாய் விற்பனைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தீர்மானமாகிவிட வேண்டும். அப்போது கையில் இருப்பது மூன்று நான்கு ஆய்வுக் கிணறுகள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: கீழே இருப்பது ஒரே அண்டாவா, அஞ்சறைப் பெட்டியா? மூடி போட்டிருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அண்டா என்றால் ஓரிடத்தில் மொண்டால் போதும். அஞ்சறைப் பெட்டி என்றால் ஒவ்வொரு அறைக்கும் தனியாகக் கை விட வேண்டும். கடலில் அப்படிக் கை விடுவது ஒவ்வொன்றும் ஒரு கிணறு. ஆழ்கடலில் ஒரு கிணற்றின் செலவு பத்துக் கோடி டாலரைத் தாண்டுவதும் உண்டு.

இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள். அவற்றுக்கு மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலடியில், 1977-இல் கிளேர் என்ற எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பாறைக்குள் இருக்கும் எண்ணெய் பல நூறு கோடி பீப்பாய் என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனின் கடற்பகுதியில் அறியப்பட்ட மிகப் பெரிய எண்ணெய்த் திரள்களில் ஒன்று அது. ஆனால் அங்கிருந்து முதல் எண்ணெய் வெளியே வந்தது 2005-இல். கண்டுபிடிப்பு நாளில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர் அதற்குள் ஓய்வு வயதை நெருங்கியிருப்பார்.

தாமதத்துக்குக் காரணம் ஒன்றல்ல. எண்ணெய் கொஞ்சம் கெட்டியானது, பாறை இறுகியது, கடலும் கொந்தளிப்பு மிக்கது. இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கிளேர் வயலைப் பிளவுகள் குறுக்கும் நெடுக்கும் வெட்டியிருக்கின்றன. எண்ணெய் பாயும் வழியும் பெரும்பாலும் பாறையின் இயற்கை விரிசல்கள்தான். அதனால் ஒரு கிணறு சொன்ன கதையை அடுத்த கிணறு ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றில் கிடைத்த விளைச்சலை வைத்து வயல் முழுவதற்கும் கணக்குப் போட யாருக்கும் துணிவு வரவில்லை.

சுவர்கள் எப்படி எழுந்தன?

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோல் நிற்பதில்லை. மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ மணிகளுக்கு இடையே இருக்கும் நுண்துளைகளில், ஈரம் ஊறிய செங்கல்லில் தண்ணீர் இருப்பதுபோல, அது ஒட்டியிருக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால் எண்ணெய் நகரும். அந்தத் தொடர்ச்சியை அறுப்பவை இருவகைச் சுவர்கள்: படுத்திருப்பவை, நிற்பவை.

படுத்திருக்கும் சுவர், மணல் படிந்த காலத்திலேயே உருவானது. ஓர் ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பிறகு திசை மாறிப் போய்விடுகிறது. அந்த இடத்தில் வண்டல் படிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஆறு திரும்பி வந்து மறுபடியும் மணலைக் கொட்டுகிறது. இடையில் சிக்கிய வண்டல் புதைந்து இறுகிக் களிப்பாறை ஆகிறது. அரை மீட்டர் கனமே இருந்தாலும், பல கிலோமீட்டருக்கு அறுபடாமல் நீண்டிருந்தால், மேல் மணலையும் கீழ் மணலையும் பிரிக்க அது போதும்.

நிற்கும் சுவர், பாறை உடைந்து நகர்ந்தபோது உருவானது. நிலவியலாளர்கள் இதைப் பிளவுப்பெயர்ச்சி என்பார்கள். பிளவின் ஒரு பக்கம் கீழே சரியும்போது, இந்தப் பக்கத்து மணற்பாறைக்கு எதிரே அந்தப் பக்கத்துக் களிப்பாறை வந்து நின்றால் வழி அடைபட்டது. மணலுக்கு எதிரே மணலே வந்து நின்றாலும் வழி திறந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. உராய்வில் மணல் மணிகள் அம்மியில் அரைபட்டதுபோல் நொறுங்கித் துளைகளை அடைத்திருக்கலாம். வழியில் இருந்த களி அடுக்கு இழுபட்டு, கொத்தனார் சாந்து பூசியதுபோல் பிளவின் முகத்தில் அப்பியிருக்கலாம். வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஆழங்களில், கரைந்த சிலிக்கா மறுபடி படிந்து, நொறுங்கிய மணிகளைச் சிமென்ட்போல ஒட்டியும் இருக்கலாம்.

இதை மதிப்பிட 1990-களில் ஒரு கணக்கு புழக்கத்துக்கு வந்தது. பிளவின் ஓர் இடத்தைக் கடந்து சரிந்துபோன பாறைகளில் களியின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. பங்கு 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பது அனுபவத்தில் கண்ட அளவு. ஆனால் ஒரு வயலில் பொருந்திய எல்லைக்கோடு அடுத்த வயலிலும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அலை காட்டாத பிளவுகள்

பிளவுகளைக் கண்டுபிடிக்க முதல் கருவி நில அதிர்வு அலை ஆய்வு. கடலின் மேல் ஒலித்துடிப்பை எழுப்பி, பாறை அடுக்குகளில் மோதித் திரும்பும் எதிரொலியைப் பதிவுசெய்து, நிலத்தடியின் முப்பரிமாணப் படத்தைக் கட்டுவது. பெரிய பிளவுகள் அதில் கத்தியால் கீறியதுபோல் தெரியும். நார்வேயின் வடகடல் வயலான குல்பாக்ஸ் 1978-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மேற்குப் பகுதியைப் படத்தில் பார்த்தால், வரிசையாக நிறுத்தியிருந்த டோமினோ கட்டைகளைத் தள்ளிச் சாய்த்ததுபோல் பாறைத் துண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

ஆனால் இந்தக் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பாறையில் ஒலி நொடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் போகிறது, அலையின் அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது ஏறத்தாழ 25 மீட்டர்தான் தெளிவாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய அளவு. பத்து மீட்டர் மட்டும் சரிந்த பிளவு படத்தில் பதியாமலே போகலாம். மணற்பாறையின் கனமோ எட்டு மீட்டர் என்றால், படத்தில் தெரியாத அந்தப் பிளவு மணலை முழுதாகத் துண்டித்துவிடும். தெரிந்த பெரிய பிளவுகளின் எண்ணிக்கையை வைத்துத் தெரியாத சிறியவை எத்தனை இருக்கும் என்று புள்ளியியல்படி ஊகிக்கலாம். எந்த இடத்தில் இருக்கிறது, அது அடைபட்டதா என்பதை அந்த ஊகம் சொல்லாது. அதற்குக் கிணற்றுக்குள்தான் இறங்க வேண்டும்.

மூன்று பார் வித்தியாசம்

ஆய்வுக் கிணற்றைத் தோண்டி முடித்ததும், கம்பிவடத்தில் ஒரு கருவியைக் கட்டி இறக்குவார்கள். அது பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சிறு குழல் வழியே துளி திரவத்தை உறிஞ்சி, அந்த ஆழத்தின் அழுத்தத்தை அளக்கும். ஒரே இறக்கத்தில் வேண்டிய இடங்களிலெல்லாம் நின்று அளக்கும் கருவிகள் 1970-களில் வந்தன. நிலத்தடி அறைகளை வேவு பார்ப்பதில் அது ஒரு பெரிய திருப்பம்.

ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். எவ்வளவு கூடும் என்பது திரவத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொன்னால், தண்ணீரில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 10 பார். எண்ணெயில் 7, 8 பார். வாயுவில் 2 பார் அளவில். அழுத்தத்தை ஆழத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால், கோட்டின் சாய்வே அங்கே இருப்பது என்ன திரவம் என்று சொல்லிவிடும். எண்ணெய்க் கோடும் நீர்க் கோடும் சந்திக்கும் இடம் எண்ணெயும் நீரும் தொடும் மட்டம்.

இரண்டு கிணறுகளை ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு. முதல் கிணற்றில் 3,000 மீட்டர் ஆழத்தில், எண்ணெய்ப் பகுதியில், 320 பார் அழுத்தம். இரண்டாவது கிணற்றில் 3,050 மீட்டரில் அளக்கிறோம். இரண்டும் ஒரே எண்ணெய்த் திரள் என்றால் 50 மீட்டருக்கு 4 பார் சேர்ந்து 324 இருக்க வேண்டும். கருவி 327 என்கிறது. அந்தக் கூடுதல் 3 பார் எங்கிருந்து வந்தது? ஆழத்தை அளந்ததில் பிழை என்றால், பிழை 37 மீட்டர் அளவுக்கு இருந்தாக வேண்டும். அது நடக்கிற காரியமல்ல. எனவே நடுவில் சுவர் இருக்கிறது. வித்தியாசம் 0.2 பார் மட்டும்தான் என்றால் கதை வேறு. சாய்வாகத் தோண்டிய கிணற்றில் இரண்டரை மீட்டர் ஆழப் பிழை வருவது சாதாரணம். அந்த 0.2 பாரை நம்பி யாரும் சுவர் வரையக் கூடாது.

ஆகவே அழுத்தம் தெளிவாக வேறுபட்டால் அறைகள் வேறு என்று பெரும்பாலும் நம்பலாம். இங்கும் ஒரு விலக்கு உண்டு. நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடங்களில், எண்ணெயும் நீரும் தொடும் மட்டம் சுவரே இல்லாமலும் சரிந்திருக்கும். அதைத் தள்ளிவிட்ட பிறகே தீர்ப்பு.

ஒற்றுமை என்னும் பொய்

அழுத்தம் ஒத்துப்போனால் அண்டா என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. ஒரு தண்ணீர்த் தொட்டியில் இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் இரண்டிலும் காற்றழுத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரு டம்ளரின் காற்று மற்றதற்குப் போகாது. நிலத்தடியிலும் இதே கதை. இரண்டு எண்ணெய் அறைகள், நடுவே சுவர், கீழே இரண்டுக்கும் பொதுவான நீர்த்தாங்கி. அளந்தால் அழுத்தம் ஒரே கோட்டில் விழும். ஒன்றில் கிணறு போட்டு எடுத்தால் மற்றதில் உள்ள எண்ணெய் வராது.

இன்னொரு பொறி, காலம். எண்ணெய் அங்கே வந்து சேர்ந்து லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும். அவ்வளவு காலத்தில், ஊசிமுனை அளவுக்கே கசியும் சுவரின் இரு பக்கமும்கூட அழுத்தம் சமமாகிவிடும். வயலின் உற்பத்திக் காலமோ இருபது, முப்பது ஆண்டுகள். பூமியின் கணக்கில் கதவாக இருக்கும் ஒன்று மனிதனின் கணக்கில் சுவர்தான். எண்ணெயை உறிஞ்சத் தொடங்கிய பிறகே அது தன்னைக் காட்டிக்கொள்ளும். அதற்குள் மேடை கட்டி முடிந்திருக்கும்.

வேற்றுமை சாட்சி சொல்லும். ஒற்றுமை வாய் திறக்காது. தொடக்கநிலை ஆய்வின் சிக்கல் முழுவதும் இந்த ஓரவஞ்சனையில் அடங்கியிருக்கிறது.

மெதுவாக ஓடும் கடிகாரங்கள்

வழி இல்லாமல் இல்லை. 1994-இல் ஸ்மாலி, இங்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் இதை ஒழுங்குபடுத்திச் சொன்னார்கள். நிலத்தடியில் எல்லாச் சமநிலையும் ஒரே வேகத்தில் வருவதில்லை. அழுத்தம் விரைவில் சமமாகும். அடர்த்தி வேறுபாட்டால் திரவம் புரண்டு நிலைகொள்ள அதைவிட அதிக காலம் பிடிக்கும். வேதிப்பொருள்கள் ஊடுருவிப் பரவி ஒன்றாகக் கலப்பதுதான் எல்லாவற்றிலும் மந்தம். நல்ல பாறையிலும் 100 மீட்டருக்குள் அப்படிக் கலக்கப் பத்து லட்சம் ஆண்டு அளவில் ஆகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். வேகமாக ஓடும் கடிகாரம் சமநிலையைக் காட்டுவதில் பெரிய செய்தி எதுவும் கிடையாது. மெதுவாக ஓடும் கடிகாரமும் அதையே காட்டினால், அதுதான் செய்தி.

அதனால்தான் எண்ணெயின் 'கைரேகை' பார்க்கிறார்கள். கேஸ் குரோமடோகிராஃப் என்ற கருவியில் எண்ணெயைச் செலுத்தினால் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் தனித்தனிச் சிகரங்களாகப் பிரிந்து வரும். இரு கிணற்று எண்ணெய்களின் சிகர விகிதங்களை ஒப்பிடுவார்கள். இதில் எச்சரிக்கை இரண்டு. கிணறு தோண்டும்போது ஊற்றிய சேறு மாதிரியில் கலந்தால் கைரேகை அழிந்துவிடும். அடுத்து, தூரம். குல்பாக்ஸ் எண்ணெயை ஆராய்ந்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வு, வயலின் பகுதிக்குப் பகுதி எண்ணெயின் கூறுகள் மாறுவதைக் காட்டியது. பல கிலோமீட்டர் பரந்த வயலில் இப்படிப் படிப்படியாக மாறுவதற்குச் சுவர் தேவையில்லை. கலக்க நேரம் போதாமையே போதும். பார்க்க வேண்டியது சரிவையல்ல, படிக்கட்டை. அருகருகே திடீரென்று மாறினால் அங்கே சுவர்.

பழைய நீரும் பேசும். தோண்டியெடுத்த பாறை உருளை உலரும்போது, துளைகளில் இருந்த நீர் ஆவியாகி உப்பு தங்கும். அந்த உப்பைத் தூய நீரில் கழுவியெடுத்து, அதிலுள்ள ஸ்ட்ரான்ஷியத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் விகிதத்தை அளப்பார்கள். மேலிருந்து கீழாக விகிதம் வழுவழுப்பாக மாறினால் நீர் ஒரு காலத்தில் கலந்திருக்கிறது. ஓர் ஆழத்தில் தடாலென்று குதித்தால், அங்கே ஏதோ ஒரு களி அடுக்கு குறுக்கே படுத்திருக்கிறது. எண்ணெய் வருமுன் இருந்த நீரின் ஞாபகம் இது.

இந்த நூற்றாண்டில் சேர்ந்த சாட்சி, நிறம். கச்சா எண்ணெய்க்குக் கறுப்பு நிறம் தருபவை அஸ்பால்ட்டீன் என்ற கனமான துகள்கள். கிணற்றின் ஆழத்திலேயே எண்ணெயினூடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. ஷ்லம்பர்ஜே நிறுவனத்தைச் சேர்ந்த ஆலிவர் மல்லின்ஸ் இத்துறையின் முன்னோடி. கனமான துகள்கள் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் ஒரு குறிப்பிட்ட வளைகோட்டில் அமைந்து சமநிலை அடைய மிக நீண்ட காலமும் தடையற்ற வழியும் வேண்டும். தொலைவான கிணறுகளின் எண்ணெய்களும் அதே வளைகோட்டில் வந்து உட்கார்ந்தால், நடுவே சுவர் இருக்க வாய்ப்பு குறைவு. ஒற்றுமையையும் பேசவைக்க இப்படி ஒரு சாட்சி கிடைத்தது.

மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 1,200 மீட்டர் கடலாழத்தில் உள்ள தாஹிட்டி வயலில் இது பலித்தது. அங்கே முக்கியமான மணல் அடுக்குகள் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக. நிறத்தை அளந்தபோது இரண்டும் வெவ்வேறு கோடுகளில் விழுந்தன. ஒரே அடுக்கில் தள்ளித்தள்ளி இருந்த கிணறுகளோ ஒரே கோட்டில் நின்றன. அடுக்குகள் இரண்டும் தனி, ஒவ்வொன்றும் தனக்குள் தொடர்ச்சி என்பது முடிவு. 2009-இல் தொடங்கிய உற்பத்தி அதை உறுதிசெய்தது.

நீதிமன்றம் வரை போன கேள்வி

எல்லா வயலிலும் சுவர் இருப்பதுதான் பிரச்சினை என்றில்லை. சுவர் இல்லாததும் பிரச்சினையாகலாம். ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் ஓஎன்ஜிசியின் பகுதியும் ரிலையன்ஸ் நடத்தும் பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. தன் பக்கத்து வாயு அடுத்த பக்கத்துக் கிணறுகள் வழியே போய்விட்டது என்று ஓஎன்ஜிசி முறையிட்டது. வரைபடத்தில் எல்லைக்கோடு உண்டு. பாறைக்குள் அந்தக் கோடு உண்டா? அமெரிக்க ஆலோசனை நிறுவனமான டிகோலியர் அண்ட் மெக்னாட்டன் 2015 நவம்பரில் தந்த அறிக்கை, இரு பகுதிகளின் வாயு அடுக்குகள் தொடர்புடையவை என்றது. அதன்பின் வழக்கு சட்டத்தின் பக்கம் திரும்பியது. 2018-இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊற்றுக்கண் ஒன்றா என்ற நம் தோட்டத்துப் பஞ்சாயத்துதான் இதுவும். தொகை மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல்.

மூடியைக் கொஞ்சமாகத் திறப்பது

இத்தனை சாட்சிகளையும் கூட்டிப் பார்த்தாலும் தொடக்கத்தில் கிடைப்பது தீர்ப்பல்ல, சாய்மானம்தான். அலைப்படம் ஒன்று சொல்லும், அழுத்தம் இன்னொன்று சொல்லும், எண்ணெயின் நிறம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். நல்ல குழு இவற்றில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளாது. அண்டா என்று ஒரு மாதிரி, மூன்று அறை என்று ஒரு மாதிரி, எட்டு அறை என்று ஒரு மாதிரி வரைந்து, ஒவ்வொன்றிலும் திட்டம் தேறுமா என்று பார்க்கும். எட்டு அறையாக இருந்தாலும் நட்டப்படாத திட்டமே கட்டத் தகுந்தது. ஐயம் பெரிதாக இருந்தால், முழு மேடைக்குப் பணம் கொட்டுமுன் ஒரே கிணற்றிலிருந்து சில வாரமோ சில மாதமோ எண்ணெய் எடுத்து, அழுத்தம் எப்படி இறங்குகிறது, நிறுத்தியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கலாம். திரும்பாவிட்டால் அறை சிறியது.

உற்பத்தி தொடங்கிய பிறகும் பாடம் முடிவதில்லை. குல்பாக்ஸில் உற்பத்திக்கு முன்னால் 1985-இல் எடுத்த அலைப்படத்தையும் 1990-களின் நடுவில் மறுபடி எடுத்த படத்தையும் ஒப்பிட்டார்கள். எண்ணெய் வடிந்த இடங்களும் தொடப்படாமல் நின்ற இடங்களும் வேறுபட்டுத் தெரிந்தன. ஒதுங்கி நின்ற எண்ணெய்க்குப் புதிய கிணறுகளைத் திருப்பினார்கள்.

கிளேரும் அப்படித்தான் விடை கண்டது. வயல் முழுவதையும் ஒரே அண்டாவாக எண்ணிப் பெருந்திட்டம் போடவில்லை. நன்கு தெரிந்த பகுதிகளுக்கு மட்டும் 2005-இல் ஒரு மேடை. அங்கே எண்ணெய் எடுத்துக்கொண்டே பாறையின் குணத்தைப் படித்தார்கள். அடுத்த பகுதியான கிளேர் ரிட்ஜிலிருந்து எண்ணெய் வந்தது 2018 நவம்பரில். கண்டுபிடித்து 41 ஆண்டுகள் கழித்து. மோட்டார் போட்டுப் பார்க்காமல் ஊற்றுக்கண்ணைச் சொல்ல முடியாது என்ற கிணற்றடி விதி அங்கேயும் செல்லுபடியாகிறது. ஆனால் எந்தக் கிணற்றில் முதலில் மோட்டாரை இறக்குவது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்குவது என்பதை, அழுத்தமும் உப்பும் நிறமும் முன்கூட்டியே காதில் சொல்லிவிடுகின்றன.